பூஜ்ஜியத்தை எப்படிப் படிப்பது? எஃப்.பி.ஐ.யின் வெறுப்புக் குற்றப் புள்ளிவிவரச் சேவை: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் இனவெறித் தாக்குதல் ஒன்று நடந்து முடிந்ததும், அதைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் தவறாமல் ஓர் எண் வந்து அமர்ந்துகொள்கிறது. 2023ஆம் ஆண்டில் 11,862 வெறுப்புக் குற்றச் சம்பவங்கள் (இனம், மதம் போன்றவற்றின் மீதான பகையால் செய்யப்படும் குற்றங்கள்), 2024இல் 11,679 என்று அந்த எண் ஒற்றை இலக்கம் வரை துல்லியமாக இருக்கும். அதைத் தருவது எஃப்.பி.ஐ. நடத்தும் 'க்ரைம் டேட்டா எக்ஸ்ப்ளோரர்' என்னும் இணையச் சேவை. வெறுப்புக் கும்பல்களையும் இனவெறி வன்முறையையும் எதிர்கொள்ள அமெரிக்க அரசு செய்யும் காரியங்களில், சாமானியர் ஒருவர் தாமே திறந்து பார்த்துச் சோதிக்கக்கூடியவை மிகச் சில. வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கின்றன, உளவு வேலை மூடிய அறைக்குள் நடக்கிறது. கணக்கு மட்டுமே வெளியில் கிடக்கிறது. ஆகவே அதை ஒரு பொதுச் சேவையாகக் கொண்டு, பயன்படுத்துபவரின் பக்கத்திலிருந்து மதிப்பிடுவது பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடலாம். 1991 தொடங்கி இன்றுவரை பதிவான ஒவ்வொரு சம்பவமும் ஒரு வரியாக அமைந்த ஒரே கோப்பைக் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். எந்த மாநிலம், எந்தக் காவல் அமைப்பு, எந்தத் தேதி, என்ன குற்றம், எங்கே நடந்தது, எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள், தாக்கியவரின் உள்ளத்தில் எந்தச் சமூகத்தின் மீது பகை இருந்தது என்ற விவரங்கள் தனித்தனிப் பத்திகளாக இருக்கின்றன. பெயர்கள் இல்லை, இருக்கவும் கூடாது. ஒரு குற்றத்தின் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட பகைகள் இருந்திருந்தால் அவையும் ஒரே கட்டத்திற்குள் அரைப்புள்ளியிட்டுப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலான ஒரு நாட்டின் வெறுப்பை ஒரு மடிக்கணினியில் வரிசைப்படுத்திப் பார்க்க முடிவது சாதாரண வசதியன்று. அந்தக் கோப்பில் இடத்தைக் குறிக்கும் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போனால், வீடு, தெரு, பள்ளி, வழிபாட்டிடம், வாகன நிறுத்துமிடம் என்று வரும் அந்தச் சொற்களே போதுமானவை. ஊர்வலமாகவும் முகமூடியாகவும் நாம் கற்பனை செய்துகொள்ளும் இனவெறி, பெரும்பாலும் வாசற்படியிலும் தெரு முனையிலும்தான் நிகழ்கிறது என்பது விளங்கும். எந்த ஆண்டை எடுத்தாலும் இனம் சார்ந்த பகையே முதலிடத்தில் நிற்கிறது. அதற்குள்ளும் கறுப்பின மக்களுக்கு எதிரான குற்றங்களே மிகுதி. இந்த வரிசை, கணக்கெடுப்பு தொடங்கிய காலத்திலிருந்து மாறவேயில்லை.

இந்தக் கோப்பில் எந்த வெறுப்பு அமைப்பின் பெயரும் இருக்காது என்பதை முதன்முறை பயன்படுத்துபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளையின மேலாதிக்க அமைப்பான கு கிளக்ஸ் கிளான் எத்தனை குற்றங்கள் செய்தது என்று தேடினால் விடை கிடைக்காது. அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் பேச்சுரிமைக்கும் கூடும் உரிமைக்கும் அளிக்கும் பாதுகாப்பு அவ்வளவு விரிவானது. ஒஹையோ மாநிலத்தின் கிளான் தலைவர் ஒருவரின் மேடைப் பேச்சுக்காக விதிக்கப்பட்ட தண்டனையை 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. உடனடியாகச் சட்டத்தை மீறும்படி தூண்டி, அப்படி நிகழவும் வாய்ப்புள்ள பேச்சை மட்டுமே தண்டிக்கலாம் என்பது அன்று முதல் சட்ட நிலை. வெறுக்கும் அமைப்பு ஒன்றில் உறுப்பினராக இருப்பது அந்த நாட்டில் குற்றமன்று. வெறுப்பினால் ஒருவரை அடிப்பதே குற்றம். இதனால் அரசின் கணக்கு கும்பல்களை எண்ணாமல் சம்பவங்களை எண்ணுகிறது. கும்பல்களின் பட்டியல் வேண்டுமென்றால் தனியார் தொண்டு நிறுவனங்களைத்தான் நாட வேண்டும். இதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். சேவையின் எல்லை இது, அவ்வளவே.

என் பிணக்கெல்லாம் அந்த எல்லைக்கு உள்ளே இருக்க வேண்டியவை இல்லாமல் போவதைப் பற்றியது.

1990 ஏப்ரல் 23 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட வெறுப்புக் குற்றப் புள்ளிவிவரச் சட்டம், இத்தகைய குற்றங்களின் விவரங்களைத் திரட்டும்படி நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரிக்கு ஆணையிட்டது. திரட்டும் வேலை எஃப்.பி.ஐ.யிடம் வந்தது. ஆனால் தர வேண்டியவர்கள் யார்? நாடெங்கும் பரவிக் கிடக்கும் 18,000க்கும் மேற்பட்ட காவல் அமைப்புகள்: மாநகரக் காவல், மாவட்ட ஷெரீஃப், பல்கலைக்கழகக் காவல், பழங்குடியினர் காவல். இவர்கள் தகவல் தந்தே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கேட்பது மத்திய அரசின் கடமை, கொடுப்பது உள்ளூர் அமைப்பின் விருப்பம் என்ற ஏற்பாட்டில் இந்தச் சேவை முப்பத்தைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. மளிகைக் கடைக்காரர் ஒருவர், விருப்பமுள்ளவர்கள் மட்டும் தங்கள் கடனைத் தாங்களே எழுதிவிட்டுப் போகலாம் என்று பேரேட்டை வாசலில் வைத்தால் மாதக் கடைசியில் என்ன கணக்கு கிடைக்குமோ, அதுதான் ஆண்டுக் கடைசியில் இங்கே கிடைக்கிறது.

இதன் விளைவு பூஜ்ஜியங்களில் தெரியும். 2018ஆம் ஆண்டில் அலபாமா மாநிலம் முழுவதிலும் ஒரு வெறுப்புக் குற்றம்கூட நடக்கவில்லை என்பது பதிவு. வயோமிங்கிலும் அப்படியே. கறுப்பினச் சிறுமிகள் கொல்லப்பட்ட பிர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பையும், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் அடிபட்ட செல்மா பாலத்தையும் தன் வரலாற்றில் வைத்திருக்கும் மாநிலத்தில் ஓராண்டு முழுவதும் ஒருவர்கூட நிறத்துக்காக அடிபடவில்லை, மிரட்டப்படவில்லை, வீட்டுச் சுவரில் கிறுக்கப்படவில்லை என்று நம்புவதற்குப் பெரிய மனது வேண்டும். அலபாமா மட்டும் விதிவிலக்கன்று. ஒவ்வோர் ஆண்டும் இந்தத் திட்டத்தில் பங்கேற்கும் அமைப்புகளில் மிகப் பெரும்பான்மையானவை 'எங்கள் எல்லையில் எதுவும் இல்லை' என்றே எழுதி அனுப்புகின்றன.

பூஜ்ஜியம் மூன்று வகைப்படும். உண்மையிலேயே எதுவும் நடக்காத பூஜ்ஜியம் ஒன்று. நடந்தும் காவல் நிலையத்தில் அதை வெறுப்புக் குற்றமென்று எவரும் குறிக்காத பூஜ்ஜியம் இரண்டாவது. மூன்றாவது, தகவலே அனுப்பாததால் வெறும் வெற்றிடமாக நிற்பது. படிப்பவரின் கண்ணுக்கு இதுவும் பூஜ்ஜியமாகவே தோன்றும். முதலிரண்டையும் பிரித்தறிய எந்தப் புள்ளிவிவரத்தாலும் எளிதில் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதைப் பிரிப்பது இந்தச் சேவையால் முடிந்த காரியம். சம்பவக் கோப்பிலோ நடந்ததாகப் பதிவான சம்பவங்கள் மட்டுமே உள்ளன. ஒரு நகரத்தின் பெயர் அதில் இல்லையென்றால், அந்நகரம் 'இல்லை' என்று சொன்னதா, எதுவுமே சொல்லவில்லையா என்பது அங்கிருந்து தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால், பங்கேற்பைக் காட்டும் அட்டவணையையும், பூஜ்ஜியம் என்று அறிவித்த அமைப்புகளைக் காலாண்டு வாரியாகத் தரும் அட்டவணையையும் தனியே எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஆண்டறிக்கைகள் பழைய வடிவில் வந்த காலத்தில் இவை 12, 14 என்று எண்ணிட்ட அட்டவணைகளாக இருந்தன. அட்டவணை 14ஐ ஒரு முறையாவது முழுதும் உருட்டிப் பார்க்கும்படி எவருக்கும் பரிந்துரைப்பேன்: ஆயிரக்கணக்கான ஊர்ப் பெயர்கள், எதிரே வரிசை வரிசையாகப் பூஜ்ஜியங்கள். பத்திரிகைகள் மேற்கோள் காட்டுவதோ முதல் அட்டவணையின் மொத்த எண்ணை மட்டும்தான்.

2021ஆம் ஆண்டின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் ஒருசேர வெளிப்பட்ட ஆண்டு அது. அவ்வாண்டு ஜனவரி முதல், பழைய சுருக்கப் படிவத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு சம்பவத்தையும் விரிவாகப் பதியும் புதிய முறைக்கு மாறிய அமைப்புகளிடமிருந்து மட்டுமே தகவல் பெறப்படும் என்று எஃப்.பி.ஐ. அறிவித்தது. புதிய முறை மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரங்களின் காவல் துறைகள் குறித்த காலத்தில் மாறியிருக்கவில்லை. 2022 டிசம்பரில் வெளியான முதல் கணக்கில் 7,262 சம்பவங்களே இருந்தன. நாட்டின் ஆகப் பெரிய இரண்டு நகரங்கள் இல்லாத தேசியக் கணக்கு அது. பெருந்தொற்றைச் சாக்கிட்டு ஆசிய மக்கள் தெருவில் தாக்கப்பட்டதைக் காணொளிகளில் நாடே பார்த்த காலத்தில், அரசின் கணக்கு வெறுப்பு குறைந்துவிட்டது என்று சொல்லியது. கண்டனங்களுக்குப் பின், பழைய முறையில் கிடைத்த தகவல்களையும் சேர்த்து, 2023 மார்ச்சில் துணைக் கணக்கு ஒன்றை எஃப்.பி.ஐ. வெளியிட்டது. எண் 10,840 ஆயிற்று. அதே ஆண்டு, அதே நாடு, அதே மக்கள். மூன்று மாதங்களுக்குள் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட சம்பவங்கள் கூடிவிட்டன. தவற்றை ஒப்புக்கொண்டு திருத்தியதைப் பலமாகவே கருதுகிறேன், பல அரசு அலுவலகங்கள் அதைக்கூடச் செய்வதில்லை. ஆயினும் முதல் எண்ணை எடுத்து எழுதப்பட்ட கட்டுரைகள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன.

எண் குறைவாக இருப்பதைவிட என்னை உறுத்துவது, எல்லோரும் அறிந்த குற்றமே கணக்கில் இல்லாமல் போவது. 2016 ஆகஸ்டில் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் லெபனான் வம்சாவளியைச் சேர்ந்த காலித் ஜபாரா, தம் குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் வசைபாடித் துன்புறுத்திவந்த அண்டை வீட்டுக்காரரால் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2017 ஆகஸ்ட் 12 அன்று வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரில், வெள்ளையின மேலாதிக்கவாதிகளின் பேரணியை எதிர்த்து நின்ற கூட்டத்தின் மீது ஒருவன் காரை ஏற்றியதில் ஹெதர் ஹேயர் உயிரிழந்தார். முதல் வழக்கில் கொலையோடு வெறுப்புக் குற்றமும் சேர்த்தே தீர்ப்பானது. இரண்டாவதில் 29 மத்திய வெறுப்புக் குற்றச்சாட்டுகளைக் குற்றவாளி நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றான். ஆயினும் எஃப்.பி.ஐ. வெளியிட்ட வெறுப்புக் குற்றப் புள்ளிவிவரத்தில் இந்த இரு கொலைகளும் இடம்பெறவில்லை. அரசின் ஒரு கை வழக்கு நடத்திச் சிறைக்கு அனுப்புகிறது. இன்னொரு கையிலுள்ள பேரேட்டில் அந்த நாள் வெறுமையாக இருக்கிறது. இதற்கு எவரும் சதி செய்ய வேண்டியதில்லை. உள்ளூர்க் காவல் அமைப்பு படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. நிரப்பும்படி கட்டாயமும் இல்லை.

அந்தக் கட்டம் எப்படி நிரப்பப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பயிற்சிக் கையேட்டின்படி இதில் இரண்டு படிகள் உண்டு. சம்பவ இடத்துக்கு முதலில் செல்லும் காவலர், பகையின் அறிகுறி தென்பட்டால் 'ஐயத்துக்குரியது' என்று குறிக்கிறார். பிறகு பயிற்சி பெற்ற இன்னோர் அலுவலர், தாக்கியவர் சொன்ன சொற்கள், வரைந்த குறிகள், நாளின் முக்கியத்துவம், பாதிக்கப்பட்டவருக்கும் அவருக்கும் முன்பகை உண்டா என்பன போன்றவற்றை எடைபோட்டு உறுதிசெய்கிறார் அல்லது நீக்குகிறார். காகிதத்தில் இது கவனமான முறை. ஆனால் இரண்டாவது அலுவலரும் சிறப்புப் பயிற்சியும் மாநகரக் காவல் துறைக்கு வாய்க்கலாம். ஐந்தாறு பேர் பணிபுரியும் சிற்றூர்க் காவல் நிலையத்தில் இரண்டு படிகளும் ஒரே மேசையில்தான் முடியும். முதல் படியில் காவலர் கேட்காமல் விட்ட கேள்வியை அதன்பின் எவராலும் கேட்க முடியாது.

நம்மவர்களுக்கு நேரடித் தொடர்புடைய ஒன்றும் இதில் உண்டு. இந்தக் கணக்கு குறிப்பது பாதிக்கப்பட்டவர் யார் என்பதையன்று. தாக்கியவர் அவரை யாரென்று நினைத்தார் என்பதையே. தவறாக நினைத்துத் தாக்கினாலும் வெறுப்புக் குற்றம் வெறுப்புக் குற்றமே என்று கையேடு சொல்கிறது; சட்ட நியாயப்படி அது சரிதான். 2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலத்தின் ஒலேத்தா நகர மதுக்கூடம் ஒன்றில் ஐதராபாத்தைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவரைச் சுட்டுக் கொன்றவன், தான் ஈரானியர்களைச் சுட்டதாகப் பிறகு இன்னோர் ஊரில் சொல்லியிருந்தான். தெலுங்கு பேசிய ஒருவரின் மரணம், அவரைக் கொன்றவனின் புவியியல் அறிவைப் பொறுத்து வகைப்படும் நிலை இது. சீக்கியர்களுக்கு இது நெடுநாள் துயரம். 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவில் தம் பெட்ரோல் நிலையத்தின் முன் சுட்டுக் கொல்லப்பட்ட பல்பீர் சிங் சோதி தொடங்கி, தலைப்பாகைக்காகத் தாக்கப்பட்ட எத்தனையோ பேருக்கு அந்நாளில் இந்தப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கவில்லை. இசுலாமியருக்கு எதிரானது என்றோ 'பிற மதம்' என்றோ எழுதப்பட்டிருந்தால் உண்டு. 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சின் மாநிலம் ஓக் க்ரீக் குருத்துவாராவில் வெள்ளையின வெறியன் ஒருவன் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றபோதும் (படுகாயமுற்ற ஏழாமவர் 2020இல் இறந்தார்) நிலைமை அதுவே. தாயை அங்கே பறிகொடுத்த பதினெட்டு வயது மகன் அடுத்த மாதம் செனட் துணைக்குழுவின் முன் அமர்ந்து, புள்ளிவிவரத்தில் ஓர் எண்ணாக இடம்பெறும் கண்ணியத்தையாவது தன் தாய்க்குத் தரும்படி கேட்டான். அதன் பிறகே, 2015ஆம் ஆண்டுக் கணக்கு முதல், சீக்கியர், இந்துக்கள், பௌத்தர், அரபு மக்கள் உள்ளிட்டோருக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிக் கட்டங்கள் வந்தன. ஆகவே இந்தக் கோப்பில் இந்துக்களுக்கு எதிரான குற்றங்களை ஆண்டு வாரியாக வரைந்து, '2015க்கு முன் எதுவும் இல்லை, அதன்பின் முளைத்தது' என்று முடிவுகட்டுகிறவர்கள் வரைவது வெறுப்பின் வளர்ச்சியை அன்று, படிவத்தின் வளர்ச்சியை. 1987இல் நியூ ஜெர்சியில் பொட்டு வைத்த பெண்களையும் இந்தியர்களையும் குறிவைத்து 'டாட்பஸ்டர்ஸ்' என்ற பெயரில் ஒரு கும்பல் மிரட்டல் கடிதம் எழுதியதும் தாக்குதல்கள் தொடர்ந்ததும் இந்தக் கணக்கு பிறப்பதற்கு முந்தையவை.

இதே அரசு வேறு விதமாகவும் எண்ணிப் பார்த்திருக்கிறது. நீதித் துறையின் புள்ளிவிவரப் பிரிவு, காவல் நிலையங்களைக் கேட்காமல் வீடு வீடாக மக்களையே கேட்டு நடத்தும் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 2004 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 2,50,000 வெறுப்புக் குற்றப் பாதிப்புகள் நிகழ்ந்ததாக அது மதிப்பிட்டது. பாதிக்கு மேற்பட்டவை காவல் துறையிடம் போகவேயில்லை. அதே ஆண்டுகளில் எஃப்.பி.ஐ.யின் கணக்கு ஓராண்டில்கூட 8,000 சம்பவங்களை எட்டவில்லை. இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல என்பது உண்மை. ஒன்று சம்பவங்களை எண்ணுகிறது, மற்றது பாதிப்புகளை எண்ணுகிறது, அதுவும் மாதிரிக் கணக்கு. ஆனால் மக்கள் வாய்மொழியை அது அப்படியே எடுத்துக்கொள்வதில்லை; தாக்கியவர் வெறுப்புச் சொல் பேசியிருக்க வேண்டும், வெறுப்புக் குறி விட்டுச் சென்றிருக்க வேண்டும், அல்லது காவல் துறை உறுதிசெய்திருக்க வேண்டும். இத்தனை சல்லடைக்குப் பிறகும் முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அதை அளவுகோலின் வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது.

பிரிட்டனை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். 1993இல் லண்டன் பேருந்து நிறுத்தத்தில் குத்திக் கொல்லப்பட்ட கறுப்பின மாணவர் ஸ்டீபன் லாரன்ஸின் வழக்கைக் காவல் துறை கெடுத்த விதத்தை ஆராய்ந்த மேக்பர்சன் விசாரணை, 1999இல் ஒரு வரையறையைத் தந்தது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ இனவெறிச் சம்பவமென்று கருதினால், அது இனவெறிச் சம்பவமாகவே பதியப்பட வேண்டும். எழுதுகோல் காவலரின் கையிலேயே இருந்தாலும், எழுத வைக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு வந்தது. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் காவல் துறை பதிந்த வெறுப்புக் குற்றங்கள் 1,40,561. அமெரிக்காவின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத நாட்டில் பன்னிரண்டு மடங்கு வெறுப்பு இருக்கிறதென்று எவரும் வாதிடமாட்டார்கள். ஒரு நாட்டின் எண் பெரிதாக இருப்பது, அங்கே மக்கள் புகார் சொல்கிறார்கள், சொன்னதைக் காவலர் எழுதுகிறார் என்பதற்குச் சான்றாகவும் இருக்கலாம்.

பாதிக்கப்பட்டவரைக் கேட்டு எழுதுவது அமெரிக்க அரசு அறியாத முறையன்று. உள்நாட்டுப் போருக்குப் பின் கிளான் கும்பல்கள் தென் மாநிலங்களில் விடுதலை பெற்ற அடிமைகளை இரவில் இழுத்துச் சென்று சவுக்கால் அடித்தும் கொன்றும் வந்தபோது, 1871இல் நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஒன்று தெற்கே சென்று அடிபட்டவர்களையே அழைத்து வாக்குமூலம் வாங்கியது. 13 தொகுதிகளாக வெளியான அந்தச் சாட்சியங்களில் தேதியும் இடமும் தாக்கியவர்களின் பெயரும் அடிபட்டவரின் வாயாலேயே பதிவாகியிருக்கின்றன. அதே ஆண்டு நிறைவேறிய கிளான் சட்டத்தைக் கொண்டு அதிபர் கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து நூற்றுக்கணக்கானோரைக் கைதுசெய்தார். அந்தச் சட்டம் இன்னும் சாகவில்லை. சார்லட்ஸ்வில் பேரணியை நடத்தியவர்கள் மீது காயமுற்றவர்கள் தொடுத்த உரிமையியல் வழக்கு அதன் அடிப்படையிலும் நடந்தது. 2021 நவம்பரில் 2.5 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்து ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள்; ஆனால் அந்த இழப்பீடு மாநிலச் சட்டத்தின்படி, கிளான் சட்டக் கோரிக்கைகளில் அவர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 150 ஆண்டுப் பழைய சட்டம் உழைக்கிற அளவுக்கு 35 ஆண்டுப் புள்ளிவிவரச் சேவை உழைக்கவில்லையே என்று ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

சீர்திருத்தம் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2021 மே 20 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டத்தின் ஒரு பகுதிக்கு, கணக்கில் விடுபட்ட ஜபாரா, ஹேயர் இருவரின் பெயரே சூட்டப்பட்டது. புதிய பதிவுமுறைக்கு மாறவும், காவலர்களுக்குப் பயிற்சியளிக்கவும், மாநிலங்கள் புகார்த் தொலைபேசிச் சேவை தொடங்கவும் நிதியுதவிக்கு அது வழிசெய்தது. கலிபோர்னியா 2023இல், காவல் துறையின் கீழ் வைக்காமல் குடிமை உரிமைகள் துறையின் கீழ் அத்தகைய சேவையைத் தொடங்கியது. 200க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசலாம் என்பதும், காவல் நிலையப் படியேறாமலே பேசலாம் என்பதும் அதன் சிறப்புகள். விசா நிலைமைக்கு அஞ்சிப் புகாரே சொல்லாத குடியேறிகளுக்கு இரண்டாவது சிறப்பே முதன்மையானது. ஆயினும் நிதியுதவி என்பது கேட்பவருக்குக் கொடுப்பது. ஆர்வமில்லாத ஷெரீஃப் அலுவலகம் கேட்கப் போவதில்லை. தகவல் அனுப்புவது அங்கே இன்றும் விருப்பம்தான்.

இந்தச் சேவையைப் பயன்படுத்தலாமா என்று எவரேனும் கேட்டால், தயங்காமல் பயன்படுத்துங்கள் என்பேன். எதற்கு என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஒரே காவல் அமைப்பின் எண்களைப் பல ஆண்டுகளுக்கு அடுக்கிப் பார்க்க இது நல்ல கருவி. நடுவில் பதிவுமுறை மாறிய ஆண்டை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த மாதிரி இடங்களில், எந்த மாதிரிக் குற்றங்களாக வெறுப்பு வெளிப்படுகிறது என்று அறியவும் இதைவிட விரிவான திறந்த கோப்பு எளிதில் கிடைக்காது. இரண்டு மாநிலங்களை ஒப்பிட்டு எது பாதுகாப்பானது என்று தீர்மானிக்க இது உதவாது. வேலைக்கோ படிப்புக்கோ ஊர் தேர்ந்தெடுப்பவர்கள் இதைப் பார்த்து முடிவெடுத்தால், நன்றாக எண்ணும் ஊரைத் தவிர்த்து, எண்ணவே எண்ணாத ஊரில் போய்க் குடியேறுவார்கள். தேசிய மொத்தத்தைக் கொண்டு இவ்வாண்டு கூடியது, குறைந்தது என்று பேசுவதிலும் எச்சரிக்கை தேவை. 2019இல் பதிவான 51 வெறுப்புக் கொலைகளில் 22, டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகர அங்காடியில் ஒரே காலையில் ஒருவன் செய்தவை. அத்தகைய ஒரு நாள் ஆண்டின் வரைபடக் கோட்டையே மேலே தூக்கிவிடும். அத்தகைய ஒரு நாளைப் பதியாமல் விட்டால் கோடு கீழே இறங்கிவிடும்.

எஃப்.பி.ஐ.க்கு நான் வைக்கும் கோரிக்கை சிறியது, சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாதது. சம்பவக் கோப்பிலேயே, அந்த ஆண்டு எதுவும் இல்லையென்று எழுதித் தந்த அமைப்புகளையும் எதுவுமே எழுதித் தராத அமைப்புகளையும் தனித்தனி வரிகளாகச் சேர்த்துவிடலாம். தரவு கைவசம் இருக்கிறது, அட்டவணைகளாகச் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அது வரும்வரை, எந்த ஊரின் பூஜ்ஜியத்தையும் மேற்கோள் காட்டுவதற்கு முன் பூஜ்ஜியம் அறிவித்த அமைப்புகளின் காலாண்டு அட்டவணையைத் திறந்து, அந்த ஊர் அதில் எத்தனை காலாண்டுகளுக்குத் தகவல் தந்திருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.